மண்டகப்படிக் கணினி

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில் ஒரு நூல் மில் இருந்தது. மில் ஓடவில்லை. முதலாளி பொன்னுரங்கம் நன்றாக யோசித்து, மெஷின்களைக் கழற்றி விற்றுவிட்டு, அதே கொட்டகைக்குள் பெஞ்சு போட்டு, தன் பெயரிலேயே ஒரு கலை அறிவியல் கல்லூரி ஆரம்பித்தார். அது ஓடியது. மில்லுக்குச் சங்கு ஊதிய அதே நேரத்துக்கு இன்றும் மணி அடிக்கிறது. வாசலில் ஆளைத் தடவிப் பார்க்கிற வழக்கத்தையும் விடவில்லை. அன்றைக்கு மடியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இன்றைக்குச் செல்போன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பொன்னுரங்கம் போனபின் அவர் மகன் முகேஷ்குமார் தாளாளர் ஆனார். ஆன வேகத்தில் புதிதாக ஒரு படிப்பைத் தொடங்கினார்: கேமிங் மற்றும் வீடியோ எடிட்டிங் பட்டப்படிப்பு. நோட்டீஸில் ஒரு கம்ப்யூட்டர் படம் போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீலமும் ஊதாவுமாக வெளிச்சம், வட்ட வட்டமாக விசிறிகள். அந்தப் படத்தை நம்பிப் பதினாறு பேர் படிக்கச் சேர்ந்தார்கள். அதே படத்தை நம்பி ஒருத்தி பாடம் நடத்தவும் சேர்ந்தாள். அவள்தான் பர்ஹானா.

பர்ஹானா பேகம்பூர்க்காரி. மாமாவின் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் பழகி, பிறகு அதிலேயே பட்டமும் வாங்கியவள். வேலை தற்காலிகம். சேர்ந்த அன்றைக்குக் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். இரண்டு வருடம் அது வந்துகொண்டே இருந்தது. அதுவரை அவள் கரும்பலகையில் எடிட்டிங் நடத்தினாள். ஒரு காட்சியை வெட்டுவதற்குக் கோடு கிழிப்பாள். ஒரு காட்சி மெல்லக் கரைந்து இன்னொன்றாக மாறுவதற்கு டஸ்டரால் லேசாகத் தேய்ப்பாள். பிள்ளைகள் அதையும் நோட்டில் வரைந்துகொண்டார்கள்.

அந்தப் பதினாறு பேரில் இசைவாணிக்குக் கோபம் அதிகம். சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பண்ணுகிற வீட்டுப் பெண். அரசுக் கல்லூரியில் கணக்குப் பாடத்துக்குக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்தவள். அவள் மனசில் ஒரு விளையாட்டு முழுசாக இருந்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு. பஸ் உள்ளே திரும்புகிறது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்க வேண்டும். துண்டு நழுவினால் அவுட். கூடை தூக்கிவரும் அம்மா குறுக்கே வந்தால் அவுட். அதைச் செய்து முடிக்க ஒரு நல்ல மெஷின் வேண்டும். கல்லூரியில் இருந்தது டஸ்டர்.

மூன்றாம் வருடம் தொடங்கியதும் பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. ஆய்வுக்குழு வருகிறது, கருவிகள் இல்லையென்றால் படிப்பு ரத்து. முதல்வர் முனைவர் அழகர் உடனே கொள்முதல் குழுவைக் கூட்டினார். கூட்டத்துக்கு எல்லாத் துறைத்தலைவர்களும் வந்தார்கள். பர்ஹானாவுக்குக் கடைசி நாற்காலி, ஒரு கால் ஆடுகிறது.

அவள் எழுந்து, தனக்குத் தெரிந்ததை எளிமையாகச் சொன்னாள். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டலாம், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று ஒரே ஆள் பார்த்து, ஒரே கடையில் வாங்கினால் நல்லது.

"ஒரே ஆளா?" என்றார் வணிகவியல் துறைத்தலைவர் கருப்புசாமி. "அந்த ஒரே ஆளு யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல."

அறை அமைதியானது. பர்ஹானாவுக்கு அந்த அமைதியின் காரணம் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும். முன்பு ஒருமுறை கல்லூரிக்குக் குளிர்தண்ணீர் மெஷின் வாங்கித் திறந்தபோது, முதல் டம்ளரை வணிகவியல் துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். இயற்பியல் துறைத்தலைவர் விக்னேஷ்குமார் அன்றிலிருந்து அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை, கருப்புசாமியிடம் பேசுவதும் இல்லை. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்.

முதல்வர் அழகர் தாடிக்கொம்புக்காரர். விலங்கியலில் பட்டம் பெற்றிருந்தாலும் அவருக்கு நன்றாகத் தெரிந்த சாஸ்திரம் திருவிழா நிர்வாகம். அவர் கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் இருந்தார். பிறகு திறந்தார்.

"நம்ம ஊர்ல சாமி பொறப்பட்டா என்ன பண்ணுவோம்? ஆளாளுக்கு ஒரு மண்டகப்படி. இன்னாரு மண்டபத்துல இன்னாரு செலவுல சாமி எறங்கும், அவுகளுக்கு மரியாத. எவனுக்கும் மனக்கொறை கெடையாது. அதே மாதிரி ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாகம். அவுங்களே பாத்து வாங்கட்டும். பர்ஹானா, இதுல மூலவர் எதும்மா?"

பர்ஹானா யோசிக்காமல், "ப்ராசஸர்தான் சார் மூளை மாதிரி" என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. அந்த மூளைக்கு அடித்துக்கொண்டே சாயங்காலம் ஆனது.

கடைசியில் ப்ராசஸர் வணிகவியலுக்குப் போனது. எல்லாப் பாகங்களையும் தாங்குகிற மதர்போர்டு இயற்பியலுக்கு. நினைவகம் தமிழ்த்துறைக்கு. கரண்ட் சம்பந்தப்பட்டது வேதியியலுக்கு. படம் தெளிவாகத் தெரிவதற்கான கிராபிக்ஸ் கார்டை உடற்கல்வி இயக்குநர் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார். விளையாட்டு என்று எது வந்தாலும் அது தன் துறைக்குள் அடங்கும் என்பது அவர் வாதம். வெளிப்பெட்டி தாளாளர் குடும்பத்துக்கு.

"சார், எங்க துறைக்கு?" என்றாள் பர்ஹானா.

"நீங்க நேத்து வந்த துறை. பழைய துறைகளுக்கே பத்தல" என்றார் முதல்வர்.

"கம்ப்யூட்டரே எங்க துறைக்குத்தானே சார்?"

"சாமி பக்தனுக்குத்தான். அதுக்காகப் பக்தன் தேர் மேல ஏறி ஒக்கார முடியுமா?"

"ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும் சார், அதான்…"

"பொருத்தமா? கல்யாணமாம்மா பண்றோம்? பத்துப் பொருத்தம் பாத்துக் கட்டி வச்சவனே கோர்ட்டுல நிக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். டீ வந்தது. கூட்டம் இனிதே முடிந்தது.

வணிகவியல் துறை வேன் பிடித்து மதுரைக்குப் போய் ப்ராசஸர் வாங்கி வந்தது. இயற்பியல் துறை மறுநாளே கிளம்பியது. கடைக்காரர் விக்னேஷ்குமாரிடம், ப்ராசஸர் எந்தக் கம்பெனி என்று சொன்னால் அதற்கேற்ற போர்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். விக்னேஷ்குமார் நெஞ்சை நிமிர்த்தி, "அவங்க எந்தக் கம்பெனி வாங்கினாங்களோ, அதுக்குப் போட்டிக் கம்பெனி குடுங்க. நாங்க யாருக்கும் கீழ இல்ல" என்றாராம். கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டுக் கொடுத்து அனுப்பினார்.

தமிழ்த்துறை, 'நினைவகம்' என்று எழுதிய பித்தளைப் பெயர்ப்பலகையை முதலில் செய்தது. எழுத்து அமைப்பில் கருத்து வேறுபாடு வந்து, மூன்று தடவை பலகையை மாற்றினார்கள். பலகை பிரமாதமாக வந்தது. அந்த மும்முரத்தில் நினைவகத்தை வாங்க மறந்துபோனார்கள். வேதியியல் துறை ஒரு ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் வாங்கியது. உடற்கல்வி இயக்குநர் இருப்பதிலேயே நீளமான கார்டு எது என்று கேட்டு, முழம் போட்டுப் பார்த்து வாங்கி வந்தார்.

தாளாளரின் மைத்துனருக்கு ஊருக்குள் பூட்டும் பீரோவும் செய்கிற பட்டறை. வெளிப்பெட்டி அங்கே தயாரானது. ஆள் உயர இரும்பு பீரோ. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குக் கீழே திண்டுக்கல் பூட்டு ஒன்று, தேங்காய் அளவுக்கு. காற்றுப் போக ஓட்டை வேண்டுமே என்று பர்ஹானா கேட்டாள். ஓட்டை போட்டால் பல்லி போகும் என்றார் மைத்துனர்.

பாகங்கள் வந்தவுடன் மாட்டிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அதற்கு முன் மண்டகப்படி இருந்தது. ஒவ்வொரு பாகமும் வாங்கிய துறையில் ஒரு நாள் தங்கும். மேஜை மேல் பட்டுத்துணி, மாலை, நாயனம், சுண்டல். ப்ராசஸர் தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருந்ததால் மாலைக்குள் காணாமல்போய், துறையே தேடியது. ஒரு நாளும் வகுப்பு நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முதல்வர் பேசினார்.

"கல்வி நிறுவனங்களில் கருவி வாங்கிய மறுநாளே அதைப் பயன்படுத்திவிடுகிறார்கள். அவசரம்! பயன்படுத்தினால் தேயும். நம் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்துக் குடுவைகளைப் பாருங்கள், திறப்பு விழா அன்றிருந்த அதே பளபளப்பு. மாணவர்கள் வருவார்கள், போவார்கள். மரியாதைதான் நிற்கும்."

கைதட்டல் ஓய்ந்ததும் தாளாளர் முகேஷ்குமார் மைக்கைப் பிடித்தார். "எங்கப்பா மில்லு நடத்துனாரு. அங்க வேலை பாக்குறவன் கூலி கேட்டான், கொடி பிடிச்சான். இங்க பாருங்க. உள்ள வந்து ஒக்காந்து எழுதுறவனே நமக்குப் பணம் கட்டிட்டுப் போறான். சத்தம் இல்ல, சண்டை இல்ல. கல்வி மாதிரி ஒரு நல்ல தொழில் உண்டா?" இதற்கும் கைதட்டினார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள், தட்டாதவர்களை உடற்கல்வி இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக எல்லாப் பாகமும் பர்ஹானாவிடம் வந்தது. போர்டில் ப்ராசஸரை வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள். உட்காரவில்லை. மாமாவின் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக்கொடுத்த ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "ஒரு கம்பெனிச் செருப்புக்கு இன்னொருத்தன் காலை வெட்டுவீங்களாக்கா? ரெண்டுல ஒண்ண மாத்துங்க" என்றான்.

அவள் கருப்புசாமியிடம் போனாள். "போர்டை மாத்தச் சொல்லும்மா" என்றார். விக்னேஷ்குமாரிடம் போனாள். "ப்ராசஸரை மாத்தச் சொல்லுங்க" என்றார். "நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ பேசுனா…" என்று இழுத்தாள். "அவரு மொதல்ல வரட்டும்" என்றார்கள், இரண்டு பேரும், தனித்தனியாக. கடையில் மாற்றிக்கொள்ள இன்னும் ஒரு வாரம்தான் தவணை. அந்த வாரம் முழுக்க அவள் இரண்டு அறைக்கும் நடந்தாள். வாரம் முடிந்தது.

அழுகை முட்டிக்கொண்டு முதல்வர் முன்னால் போய் நின்றாள். "சார், ரெண்டும் சேராது."

முதல்வர் பொறுமையாகக் கேட்டார். "சேரலைன்னா ஏன் சேக்கணும்? தனித்தனியா இருக்கட்டும். பீரோல அம்புட்டு எடம் இருக்கு."

அப்படித்தான் அந்தக் கணினி உருவானது. பீரோவுக்குள் தட்டு அடித்தார்கள். மேல் தட்டில் ப்ராசஸர், அதற்குச் சமமான உயரத்தில் பக்கத்திலேயே போர்டு, யாரும் யாருக்கும் கீழே இல்லை. அடுத்த தட்டில் தமிழ்த்துறையின் பித்தளைப் பலகை. கீழ்த்தட்டில் ஸ்டெபிலைசர். கிராபிக்ஸ் கார்டு மட்டும், அதன் நீளம் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று உடற்கல்வி இயக்குநர் அடம்பிடித்ததால், கதவில் வெட்டிய சந்து வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் 'உபயம்' என்று துறையின் பெயர் சிவப்புப் பெயின்டில். உள்ளே சீரியல் லைட் சுற்றினார்கள். நீலமும் ஊதாவும் மாறி மாறி எரிந்தது. நோட்டீஸில் இருந்த படம் மாதிரியே இருப்பதாகத் தாளாளர் மகிழ்ந்தார். பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த இசைவாணி தட்டுகளை மேலிருந்து கீழ்வரை எண்ணினாள். பிறகு பர்ஹானாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேடம், நான் தேடிப் பாத்தேன். கோர்ஸை ரத்து பண்ணுனா, படிக்கிற பிள்ளைகள வேற காலேஜுக்கு யுனிவர்சிட்டியே மாத்தி விட்ருமாம். மதுரையில லேப் இருக்கிற காலேஜாம் மேடம். நெசமான லேப். எங்களுக்குப் போகணும்."

"நீங்களே சொல்லலாமே?"

"வாயத் தொறந்தா ஹால் டிக்கெட் கெடையாதுன்னு நேத்தே சொல்லிட்டாக. எங்க பேச்ச எவரு கேப்பாரு? ஒங்கள்ட்டதான் கேப்பாக. பொய்யி மட்டும் சொல்லிராதீக மேடம். அது போதும்."

"சத்தியமா பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் பர்ஹானா. மனசாரத்தான் சொன்னாள். அன்றைக்கு அந்தக் கல்லூரி மேல் அவளுக்கு இருந்த வெறுப்பில், பீரோவையே தூக்கி ரோட்டில் போட்டிருப்பாள்.

ஆய்வு நாள் காலையில் முதல்வர் அவளைக் கூப்பிட்டார். மேஜை டிராயரைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். உள்ளே அவளுக்கான பணி நிரந்தர ஆணை, தாளாளர் கையெழுத்து மட்டும் பாக்கி.

"வந்தவுக போகட்டும். சாயங்காலம் கையெழுத்து ஆயிரும்" என்று சொல்லி டிராயரை மூடினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பெற்ற அத்தாவுக்குத் தோல் மண்டி வேலை போய் ஆறு மாதமாகிறது. அவள் டிராயரையே பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருமே வேறு வேறு கல்லூரிகளில் இதே மாதிரி கொட்டகைகளுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். வாசலில் பன்னீர் தெளிக்க இசைவாணியை நிறுத்தியிருந்தார்கள். குழு பீரோவின் முன்னால் போய் நின்றது. மூடிய கதவுக்குள் நீலமும் ஊதாவும் எரிந்தது. பக்கத்தில் ஒரு பெரிய டி.வி., அதன் முதுகில் ஒரு பென் டிரைவ். திரையில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு. பஸ் திரும்பியது, துண்டு பறந்தது, கூடைக்கார அம்மா குறுக்கே வந்தார். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும், வாசலில் பிடுங்கிவைக்கிற தன் செல்போனிலேயே, இசைவாணி கஷ்டப்பட்டுச் செய்த ஒரு நிமிடப் படம். அவளைக் கேட்காமலே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"அடடா!" என்றார் குழுத்தலைவர். "இதுதான் மெஷினோட பவர். இப்படி ஒரு மெஷின் இல்லாம இந்தப் பிள்ளைங்களால இத நெனச்சுக்கூடப் பாக்க முடியுமா?"

"கதவைத் திறந்து பார்க்கலாமே" என்றார் இன்னொருவர்.

"தூசி உள்ள போயிரும் சார்" என்றார் தாளாளர். மூன்று பேரும் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்கள்.

குழுத்தலைவர் பர்ஹானா பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி மெஷின் ரொம்பச் சூடாகும்பாங்களே. சூடாகுதாம்மா?"

"இல்ல சார். கொஞ்சம்கூடச் சூடாகாது."

"விசிறிச் சத்தம்?"

"ஒரு சத்தமும் வராது சார்."

"கரண்டு இழுக்குமோ?"

"இழுக்காது சார்."

"ரிப்பேர் எதுவும் வந்துச்சா?"

"வாங்குன நாள்லேர்ந்து ஒரு தடவகூட வரல சார்."

"பிரமாதம். எங்க காலேஜ்ல ஒண்ணு வச்சிருக்கோம், வாரத்துக்கு ஒருதரம் மக்கர் பண்ணுது." அவர் குறிப்பெழுதிக்கொண்டே கேட்டார். "வேற எதுவும் சொல்லணுமாம்மா?"

பர்ஹானா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் இசைவாணி பன்னீர்ச் செம்போடு நின்றாள். கண் இமைக்கவில்லை. இந்தப் பக்கம் முதல்வர் நின்றார், ஒரு கையால் சும்மா மேஜை டிராயர்ச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை சொன்னால் போதும். அந்த நாலு வார்த்தையும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

படிப்புக்கு அனுமதி தொடர்ந்தது. சிறந்த பராமரிப்பு என்று பாராட்டி, அடுத்த வருடத்துக்கு அறுபது இடமும் கொடுத்தார்கள். அதற்கு ஒரு விழா. எல்லாத் துறைத்தலைவர்களும் மேடையில். கருப்புசாமியும் விக்னேஷ்குமாரும் இரண்டு ஓரத்தில். நிரந்தர ஆசிரியை பர்ஹானாவுக்குத் தாளாளர் கையாலேயே மாலை. சரிகைத் துண்டைத் தலையில் கட்டப் போனவர், அவள் தலையில் முக்காட்டைப் பார்த்துவிட்டுத் தோளில் போட்டார்.

முதல்வர் மைக்கில் அறிவித்தார். "நேற்று வந்த துறை என்று நாம் யாரையும் ஒதுக்குவதில்லை. இந்தக் கணினிக்கு ஒரு ஸ்விட்ச் பொருத்த நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அந்த ஸ்விட்ச், பர்ஹானா அவர்களின் துறைக்கு! இனி அது அவர்கள் மண்டகப்படி!"

கைதட்டல் கொட்டகையை அதிரவைத்தது. மாணவர்கள் சார்பில் பூங்கொத்து கொடுக்க இசைவாணி மேடை ஏறினாள். அவள் தோட்டத்துப் பூவாகத்தான் இருக்க வேண்டும், தண்டு இன்னும் ஈரமாக இருந்தது. கொடுக்கும்போது குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீக மேடம். ஒரு பொய்யிகூடச் சொல்லல."

சொல்லிவிட்டு இறங்கிப் போய், டஸ்டர் பாடம் எழுதிய பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பர்ஹானாவுக்கு மேடையை விட்டு ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. அதற்குள் யாரோ மைக்கை அவள் கையில் திணித்துவிட்டார்கள். மொத்தக் கூட்டமும் அவள் வாயைப் பார்த்தது.

"எங்க துறையையும் மதிச்சு ஒரு மண்டகப்படி ஒதுக்குன நிர்வாகத்துக்கு நன்றி" என்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி, அந்த ஸ்விட்சுக்குக் கீழே துறையின் பெயரை எந்தக் கலரில் எழுதுவார்கள் என்று முதல்வரிடம் கேட்டாள்.